கைமா கைமாறிய வாரம்

"இந்த வாரம் முழுக்க அடுப்பு என் பொறுப்பு" என்று அவர் அறிவித்தபோது மனைவி துவைத்த காலுறைகளுக்கு ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த அடுப்பு?"

"நம்ம அடுப்புதான்."

"ஏன், அது என்ன தப்பு பண்ணிச்சு?"

இப்படிக் கேட்டால் ஒரு மனிதன் என்ன சொல்வான்? அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு விளக்கினார். பெயிண்ட் கம்பெனியில் அவருக்கு வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். விடியற்காலையில் போனால் இரண்டு மணிக்கெல்லாம் வீடு. அவளோ குடிநீர் வாரியத்தில், புகார்ப் பிரிவில், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஊர்ப் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு ஐந்தரைக்குத்தான் வருகிறாள். நடுவில் மூன்றரை மணி நேரம் அவர் சும்மா இருக்கிறார். சும்மா இருப்பது அவருக்கு ஆகாது. ஆகவே ஆராய்ச்சி. மாட்டுக்கறிக் கைமா. ஒரே பொருள், தினம் ஒரு விதம், எல்லாம் எளிய முறை.

"கைமாவே ஏன்?"

"எலும்பு கிடையாது. வெட்டற வேலை கிடையாது. இயந்திரத்துல போட்டு அவங்களே அரைச்சுக் குடுத்துடறாங்க. அதுல தப்பு பண்றதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க. தாராளமா பண்ணுங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதம் கிடைத்ததில் அவருக்கு லேசாக ஏமாற்றம். மறுப்பாள் என்று எண்ணி மூன்று வாதங்கள் தயார் செய்து வைத்திருந்தார். மூன்றும் வீணாயின.

திங்கட்கிழமை கறிக்கடையில் போய் இரண்டு கிலோ கேட்டார்.

"வீட்ல விசேஷமா சார்?"

"ஆராய்ச்சி."

கறிக்கடைக்காரர் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அரைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் கைமாவும் உருளைக்கிழங்கும். சட்டியில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கைமா, வெங்காயம், கிழங்கு மூன்றையும் ஒரே நேரத்தில் கொட்டினார். தனித்தனியாகப் போட்டால் நேரம் வீண் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் ஒரு சிறிய குளம் உருவானது. குளத்தில் கைமா சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக மிதந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தார். கிழங்கு வேகவில்லை. கைமா வெந்துவிட்டது, ஆனால் அதை மெல்ல வேறு பல் வேண்டும். உப்போ, கடலில் விழுந்து எழுந்தவன் வாய் மாதிரி. மூடி போட்டு மூடிவிட்டு, எதிர்ச் சாரியில் இருக்கும் பூட்டுக்காரர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். துக்கம் தாங்காமல் ஏழு மணி வரை பூட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் மனைவி மூடியைத் திறந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா!" என்றாள்.

"மன்னிச்சுடு. முதல் நாள்தானே."

"எதுக்கு மன்னிப்பு? அருமையா இருக்கே!"

அவர் கண்ணைத் திறந்தார். குளம் இல்லை. கைமா உதிரி உதிரியாக, ஓரம் முறுகி, பொன் பழுப்பில் மின்னியது. கிழங்கு நாக்கில் கரைந்தது. உப்பு அளவாக நின்றது.

அவர் குழம்பிப் போனார். குழம்பே இல்லாத சமையலில் அவர் ஒருவர்தான் குழம்பினார்.

"நீ இதுல ஏதாவது பண்ணியா?"

"நானா? உங்க சமையல்ல கை வைக்கற தைரியம் எனக்கு ஏதுங்க?"

மறுநாள் கம்பெனியிலிருந்து நிற அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இருநூறு நிறங்களைச் சின்னச் சின்னக் கட்டமாக ஒட்டிய அட்டை அது. இருபது வருடமாக வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பிரித்துப் பார்க்கிறவர் அவர். அன்றைக்குக் கறி உருண்டை. உருட்டினார், உருள மறுத்தன. ஒன்று முட்டை மாதிரி, ஒன்று மூக்கு மாதிரி. எண்ணிப் பார்த்தார். பதினொன்று. அட்டையை வைத்துப் பார்த்தார். சாம்பல் பன்னிரண்டு. குறித்துக்கொண்டு பூட்டுக்கடைக்குப் போனார்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் தட்டில் இருந்தவை பழுப்பு நாற்பத்தொன்று. எல்லாம் பந்து மாதிரி உருண்டை. பதினாலு.

"பதினொண்ணுதானே வெச்சேன்!"

"எண்ணிக்கை விட்டுப் போயிருக்கும்."

"எனக்கா? பதினாறு வெள்ளையைப் பிரிச்சுப் பாக்கறவன் நான்!"

"அது நிறம். இது எண்ணிக்கை."

"அது எப்படிடி மூணு கூடும்? கறி உருண்டை குட்டி போடுமா?"

"போட்டா நல்லதுதானே, எடுத்துக்குங்க" என்று இன்னும் இரண்டைத் தட்டில் வைத்தாள். அவர் தின்றார். குழப்பத்தோடு தின்றார். ஆனாலும் ஆறு தின்றார்.

புதன்கிழமை பூட்டுக்காரரிடம் விஷயத்தைக் கொட்டினார். பூட்டுக்காரர் ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வீட்ல யாராவது..."

"அவ சத்தியம் பண்ணாத குறை."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. சமையல் அறையைப் பூட்டுங்க. சாவியைச் சட்டைப் பையில வையுங்க. உண்மை தெரிஞ்சு போகும்."

சொன்னதோடு நில்லாமல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டையும் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தெருவிலேயே இதைத் திறக்க ஆள் கிடையாது என்றும் சொன்னார்.

அன்றைக்குக் கைமாவும் பட்டாணியும். பட்டாணி கல்லாகவும் கைமா களியாகவும் வந்தன. அட்டையில் அதற்கு நிறமே இல்லை. சமையல் அறைக் கதவைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் இழுத்துப் பார்த்தார். பிறகு கடையில் போய் உட்கார்ந்து, சட்டைப் பையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொண்டார். ஐந்தரைக்கு மனைவி வீட்டுக்குள் போவது இங்கிருந்தே தெரிந்தது. போகட்டும். சாவிதான் இங்கே இருக்கிறதே.

ஏழு மணிக்குத் தன் கையாலேயே பூட்டைத் திறந்தார். தன் கையாலேயே மூடியைத் தூக்கினார்.

பட்டாணி பஞ்சு. கைமா பழுப்பு முப்பத்தேழு. வாசனை ஆளைத் தூக்கியது.

அவர் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். திருடன் இல்லை, பேயில்லை, பூனையில்லை. பிறகு என்ன? அரை மணி நேரம் யோசித்ததில் ஒரே ஒரு விடைதான் மிஞ்சியது. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

"தெரிஞ்சுபோச்சு" என்றார் மனைவியிடம்.

"என்னங்க தெரிஞ்சுது?" அவள் கையிலிருந்த தம்ளர் ஒரு நொடி நின்றது.

"கைராசி. என் கை பட்ட கைமா தன்னாலேயே பக்குவம் ஆகுது. பெயிண்ட் கூட டப்பாவுல ஊறினாத்தான் நிறம் பிடிக்கும். அதே மாதிரி இது மூடி வெச்சா மாறுது."

"ஓ" என்றாள். தம்ளர் மறுபடி நகர்ந்தது. "நான் கூட என்னவோன்னு நினைச்சேன்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதே அதிசயம். தட்டையாகத் தட்டிப் பொரித்தது கருகிப் போய்ப் பூட்டப்பட்டது, மொறுமொறுப்பாகத் திறக்கப்பட்டது. இவ்வளவு வெற்றியை ஒரு மனிதன் எத்தனை நாள் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பான்? கம்பெனியில் அவிழ்த்து விட்டார். மேனேஜர் காதுக்கும் போயிற்று.

"வெறும் கைமாவுலயா? நீங்களேவா?" என்றார் மேனேஜர்.

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க சார். ஏழு மணி."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "அடடா, சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கே" என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும். நீ இருந்து என்ன பண்ணப் போறே?"

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை பெரிய திட்டம். அடியில் கைமா, மேலே மசித்த உருளைக்கிழங்கு. மூன்று மணிக்குத் தொடங்கினார். வழக்கம் போல எல்லாம் கெட்டது. கைமா நீர் விட்டது, அடி பிடித்தது, உப்பு இரண்டு முறை விழுந்தது. அவர் கவலையே படவில்லை. மேலே வைக்க அவித்த கிழங்கை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே பூட்டினார். குளித்தார், நல்ல சட்டை போட்டார், மேசைக்கு விரிப்பு விரித்தார். ஆறு மணிக்குத் திறந்தார்.

நீர் அப்படியே இருந்தது. சாம்பல் பன்னிரண்டு அப்படியே இருந்தது. மூடியை மூடி, நூறு வரை எண்ணித் திறந்தார். சாம்பல் பன்னிரண்டு.

மனைவியின் கைபேசி வேலை நேரத்தில் அணைந்திருக்கும். வாரியத்தின் புகார் எண்ணை அழுத்தினார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. நீங்கள் வரிசையில் நான்காவதாக இருக்கிறீர்கள்" என்றது ஓர் இயந்திரக் குரல். பிறகு ஒரு புல்லாங்குழல். ஏழு நிமிடம் புல்லாங்குழல்.

"வணக்கம், புகார்ப் பிரிவு. என்ன பிரச்சினை, சொல்லுங்க."

"நான்தான்!"

"நான்தான்னா யாரு சார்? முகவரி சொல்லுங்க."

"உன் புருஷன்டி!"

"முகவரி சார்."

அவர் தன் வீட்டு முகவரியைத் தன் மனைவியிடம் முழுசாகச் சொன்னார்.

"சரி சார். தண்ணி வரலையா?"

"தண்ணிக்கு என்ன குறைச்சல், கைமா முழுக்கத் தண்ணிதான்! அடி பிடிச்சிருக்கு, உப்பும் ரெண்டு தடவை விழுந்துடுச்சு! மாறவே இல்லை! சாயங்காலம் ஆனா மாறும்ல? இன்னிக்கு மாறலை!"

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"நேத்து வரைக்கும் அதை யார் மாத்தினாங்கன்னு விசாரிச்சீங்களா சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"பூட்டு?"

"பூட்டுக்கு ரெண்டு சாவி சார்."

"பூட்டுக்காரர் கூடவா?"

"தினம் அவருக்கு ஒரு கிண்ணம் போச்சு."

பெயிண்ட் கம்பெனிக்காரருக்குச் சாயம் வெளுத்த தருணம் அது. கைமா தன்னால் மாறவில்லை, கை மாறியிருக்கிறது.

"அந்த மூணு உருண்டை?"

"உங்களுது பதினொண்ணும் கொல்லைப்புற நாய்க்குப் போச்சு. அதுலயும் அது ரெண்டை மிச்சம் வெச்சுது. தட்டுல இருந்தது நான் புதுசா உருட்டினது."

"ஏன்டி இப்படிப் பண்ணினே? சரி, அதை விடு. உடனே கிளம்பி வா!"

"உங்களுக்குப் பின்னால ஒம்போது பேர் வரிசையில இருக்காங்க. நேரமில்லை. சொல்றதைச் செய்யுங்க. மேலாப்புல இருக்கறதை மட்டும் வேற சட்டிக்கு மாத்துங்க. அடியைக் கிளறாதீங்க. மாத்தியாச்சா? தீயைக் கூட்டுங்க. கரண்டியை வெச்சுக் குத்தாதீங்க, சும்மா விடுங்க."

"எண்ணெய்?"

"வேண்டாம். மாட்டுக்கறி தானே கொழுப்பு விடும். தண்ணி வத்தற வரைக்கும் தொடாதீங்க. இப்ப என்ன சத்தம் கேக்குது?"

"புஸ்ஸுங்குது."

"இன்னும் வத்தலை. இப்ப?"

"சடசடங்குது!"

"அதான் வேணும். இப்ப வெங்காயத்தைப் போடுங்க, அப்புறம் ரெண்டு தக்காளி. கிழங்குல உப்பே போடாம மசிச்சு மேல பரப்புங்க, கைமாவுல இருக்கற உப்பு அதுக்கும் சேர்ந்து போதும். வெச்சிடட்டுமா? இங்க ஒரு தெரு முழுக்கக் குழாய் வெடிச்சிருக்கு."

வைத்துவிட்டாள். அவர் தனியாக நின்றார். சடசட. வெங்காயம் சிவந்தது. கைமா அவர் கண்ணெதிரிலேயே சாம்பலிலிருந்து பழுப்புக்கு நகர்ந்தது. முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தேழு! அட்டையைத் தேடக்கூடத் தோன்றவில்லை. கிழங்கைப் பரப்பி, மூடி போட்டு, நெற்றியைத் துடைத்தபோது வாசல் மணி அடித்தது.

மேனேஜர் முதல் வாய் வைத்தார். இரண்டாம் வாய், மூன்றாம் வாய். பிறகு தட்டை நீட்டினார். மேனேஜரின் மனைவி தன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பொருள் மேனேஜருக்கு விளங்கியது, இருந்தும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நம்மவருக்கு அழுகை வரும் போல் இருந்தது. ஐந்து நாள் பொய்யாகப் பெற்ற பாராட்டெல்லாம் இந்த ஒரு கவளத்துக்கு ஈடாகாது. இது அவரே செய்தது. அடுப்பு அவருடையது, சத்தம் அவர் காதில் விழுந்தது.

சட்டியை வழிக்கும் நேரத்தில் மனைவி வந்து சேர்ந்தாள்.

"நீங்க குடுத்து வெச்சவங்கம்மா!" என்றார் மேனேஜர். "எல்லாம் இவரே பண்ணினாராமே?"

"அவரேதான் சார். நான் வீட்லயே இல்லையே, நீங்களே பாத்தீங்களே."

"பாத்தேன், பாத்தேன். எங்க வேணும்னாலும் வந்து சாட்சி சொல்றேன்."

"அந்தத் தைரியத்துலதான் சார் நானும் ஒப்புத்துக்கிட்டேன். சாயங்கால மேற்பார்வையாளர் வேலை. மூணு தடவை குடுத்தாங்க. வீட்ல சமைக்க ஆள் இல்லைன்னு மூணு தடவையும் வேண்டாம்னேன். இன்னிக்குப் போய்ப் பாத்தேன், பிடிச்சிருந்தது, கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு மணிக்குப் போனா ஒம்போது மணிக்குத்தான் வருவேன்."

மேனேஜர் கைதட்டினார். மேனேஜரின் மனைவி இன்னும் பலமாகத் தட்டினாள்.

நம்மவர் வாயைத் திறந்தார். தனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லிவிடலாம். சொல்லலாம்தான். ஆனால் வாய் மணக்க மணக்க மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டார். விருந்தாளிகள் செருப்பு மாட்டும் வரை காத்திருந்து, மனைவியின் காதருகே குனிந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"முதல்ல ரெண்டு வருஷம்" என்றாள்.