நந்திக்கு மட்டும் சொன்ன நம்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், பூஜை மாடத்தைப் பார்ப்பேன், பேனாவை வைத்துவிடுவேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். யாராவது கேலி செய்தால் பாவம் எனக்கல்லவா வரும் என்ற பயம். போன வாரம் சம்பந்தப்பட்டவரே, "எழுதும்மா, ஊரு தெரிஞ்சுக்கட்டும். நம்பர மட்டும் போட்டுடாத" என்று சொல்லிவிட்டார். எட்டாவது வரை படித்தவள் நான். ஈசன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் இன்னமும் பூட்டுக் கடைகள் நடக்கின்றன என்றால் அது பூட்டு மாமா என்ற ஒரே மனுஷனால்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். அந்த வேலை அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்து அனுப்பியது. ஒன்று, கண்ணில் படுவதையெல்லாம் பூட்டுவது. இன்னொன்று, ஸ்டோருக்குப் பக்கத்திலேயே கம்ப்ரஸர் ஓடியதால் எதையும் கூவிச் சொல்வது. "உங்க மாமாவுக்கு போன் எதுக்கு? வாசல்ல நின்னு பேசுனாலே மெட்ராஸ்ல இருக்கற பொண்ணுக்குக் கேக்குமே" என்பார் என் வீட்டுக்காரர்.

சைக்கிளுக்குப் பூட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு, அடிபம்பில் தொங்கும் வாளிக்குச் சங்கிலியோடு பூட்டு. சாவிகள் எல்லாம் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அவர் நடந்து வந்தால் ஐஸ் வண்டி வருகிறது என்று பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

ஒரு கல்யாணத்தில் மண்டபத்து வாசலில் செருப்புத் திருட்டு ஜாஸ்தி என்று கேள்விப்பட்டு, தன் செருப்போடு எங்கள் செருப்புகளையும் சங்கிலியில் கோத்துத் தூணில் கட்டிப் பூட்டினார். சாப்பிட்டு முடித்ததும் ஞாபகமில்லாமல் வெறுங்காலோடு பஸ் ஏறிப் போய்விட்டார். நாங்களும் வெறுங்காலோடுதான் வீடு வந்தோம். "திருடு போச்சா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அதான் பூட்டு!" என்றார்.

ஒரு புயலில் அவர் வீட்டு ஷீட்டுக் கூரை நான்கு வீடு தாண்டிப் பறந்து விழுந்தது. நாங்கள் பதறிக்கொண்டு ஓடினோம். மாமா நனைந்தபடி வாசல் கதவைக் காட்டினார். "பாத்தியாம்மா? பூட்டு அப்படியே நிக்குது. ஒருத்தன் உள்ள வர முடியல!"

இதே பூட்டு ஒருநாள் அவருக்கே வினையாக வந்தது. வீட்டுக்குள் மயங்கி விழுந்துவிட்டார். கதவில் உள்பக்கம் மூன்று பூட்டு. என் வீட்டுக்காரரும் தெரு ஆட்களும் கடப்பாரையால் நெம்பித் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்த சாமி பெயர்களெல்லாம் தீர்ந்துபோயின. பிழைத்துக்கொண்டார். மெட்ராஸிலிருந்து மகள் வந்து, "அப்பா, கெளம்புங்க. இனிமே என்கூடத்தான்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அங்க ஒரே ஒரு கதவு, அதுக்கு ஒரே ஒரு பூட்டு. மனுஷன் இருப்பானா?" என்றார் மாமா. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் இறங்கி, "இந்தத் தெருவ விட்டுட்டு நான் எங்கம்மா போறது?" என்றார்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அவர் கையில் கட்டினாள். அவர் நெஞ்சுத் துடிப்பு அவள் போனில் தெரியும். வாட்ச் ஓடுகிற வரைக்கும் மாமா கடலூரில் இருக்கலாம். நின்றால் மெட்ராஸ்.

மாமா முதலில் அலுத்துக்கொண்டார். கையைவிட்டுக் கழற்றினால் வாட்ச் தானே பூட்டிக்கொள்ளும், நாலு நம்பர் போட்டால்தான் திறக்கும் என்று மகள் சொன்னதும் முகம் சந்திரனாகிவிட்டது. "சாவியே இல்லாத பூட்டா!" என்று அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கம்பெனி ஸ்டோரில் அடிக்கடி பூட்டை மாற்றுவது வழக்கமாம். அதன்படி இவரும் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நம்பரை மாற்றினார். சார்ஜ் போட்டால் ரெண்டு வாரம் நிற்கிற வாட்ச், ஆகையால் நடுவில் கழற்ற வேண்டிய வேலையில்லை. நம்பரை எங்கும் எழுத மாட்டார், மனுஷர்களிடம் சொல்ல மாட்டார். பிரதோஷத்தன்று நந்தி காதில் நாமெல்லாம் வேண்டுதலைச் சொல்கிறோம் அல்லவா? இவர் நம்பரைச் சொல்லி வைத்தார். அதற்கும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போனார். பெரிய கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன சிவன் கோயில்.

"நம்மூர்லயே நந்தி இருக்கே மாமா?" என்றேன்.

"உள்ளூரு நந்தி வேணாம்மா. அதுக்கு நம்மள எல்லாரயும் தெரியும்."

அந்த வருஷம் ஒரு புதன்கிழமை, நெடுநாள் கழித்து எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசைப்பட்டு வாட்சைக் கழற்றினார். குளித்துவிட்டுக் கட்டினால் நம்பர் கேட்கிறது. மாமாவுக்கு வரவில்லை. காலமான அத்தையோடு கல்யாணம் ஆன வருஷத்தைப் போட்டார், கம்பெனியில் சேர்ந்த வருஷத்தைப் போட்டார், பழைய சைக்கிள் பூட்டின் நம்பரைப் போட்டார். வாட்ச் ஒவ்வொன்றுக்கும் மாட்டேன் என்று அதிர்ந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு போன் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பொண்ணு வாட்சைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாட்டி தப்பாப் போட்டா எல்லாத்தயும் அழிச்சுக்கும் சார். அப்புறம் புதுசா ஆரம்பிக்க உங்க மக பாஸ்வேர்டு வேணும். அவுங்களக் கேளுங்களேன்" என்றாள்.

"அவளக் கேட்டா நான் மெட்ராஸ்ல இருப்பேன்!" என்று மாமா கூவியதில் கடை ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது.

அதே நேரம் மகளிடமிருந்து போன். "அப்பா, வாட்ச் காட்ட மாட்டேங்குதே?"

"சார்ஜ்ல கெடக்குதும்மா."

"ஞாயித்துக்கெழமை கார் எடுத்துட்டு வரேன். அன்னிக்கு அது ஓடலன்னா பெட்டியக் கட்டிக்கோங்க."

சனிக்கிழமை சனிப் பிரதோஷம். அன்று காலை மாமா வந்து, "அத யார்கிட்ட சொன்னனோ அவர்கிட்டயே போய்க் கேட்டுடறேன்" என்றார். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் கொடுக்கிறவன்தானே? வில்வமும் பாலும் எடுத்துக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். வழி முழுக்க மாமா வாயைத் திறக்கவில்லை. கண்டக்டரே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கோயிலில் நல்ல கூட்டம். மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் நந்தியின் காதைக் கையால் மறைத்து ரகசியமாகக் கேட்டார். அதாவது, ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டு கேட்டார்.

"போன பிரதோஷத்துக்கு உன்கிட்ட ஒரு நம்பர் சொன்னனே, அது என்னாப்பா?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பிரகாரத்தில் அருகம்புல் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மா நூலை விட்டுக் கையை எடுக்காமல் நாலு நம்பரைச் சொன்னாள்.

மாமா நந்தியைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதான் சொன்னீங்க. செருப்பு விடற எடம் வரைக்கும் கேட்டுச்சே."

"இல்லக்கா," என்று வரிசையில் நின்ற ஒருத்தர் குறுக்கே வந்தார். "அது அதுக்கு முந்துன பிரதோஷத்து நம்பரு. போன தடவை வேற." அவர் வேறு நாலு நம்பர் சொன்னார்.

"அது ஆடி மாசத்துது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமாவின் அத்தனை நம்பரும் அந்தக் கோயிலில் எல்லாருக்கும் மனப்பாடம். இருப்பதோ ஒரே ஒரு வாய்ப்பு. "எம்பெருமானே, இவர எங்க தெருவுலயே விட்டு வை" என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அபிஷேகத்துக்கு நடுவில் குருக்கள் பால் செம்போடு எட்டிப் பார்த்தார். "யாரு, நம்பர் மாமாவா? உம்மாலதான் ஓய் நேக்கு போன பிரதோஷத்தன்னிக்கு அபசாரம் ஆயிடுத்து! சமக மந்திரத்துல எண்ணிக்கை வர்ற எடம். ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு சொல்லிண்டு வரேன். நீர் போட்ட சத்தத்துல உம்ம நம்பரயும் சேத்து ஸ்வாமிகிட்ட சொல்லிட்டேன்!"

"சாமி, அது எதுன்னு சொல்லுங்க!"

குருக்கள் சொன்னார். வரிசையில் நின்றவர் சொன்ன அதே நம்பர். மாமா ஒரு விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். வாட்ச் திறந்துகொண்டது. சரியாக அந்த நேரம் தீபாராதனை மணி அடித்தது. கூட்டம் கைதட்டியது சாமிக்கா மாமாவுக்கா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

உடனே மகளின் போன். "அப்பா, வாட்ச் வந்துடுச்சு! ஏன்ப்பா துடிப்பு இவ்ளோ ஜாஸ்தி காட்டுது? எங்க இருக்கீங்க?"

"கைலாசத்துல!" என்று கூவினார் மாமா.

அந்தப் பதிலால் அவள் ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மாமா வாசலில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, வாட்ச் கட்டிய கையை எம்.எல்.ஏ மாதிரி உயர்த்திக் காட்டினார். அவளும் சிரித்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டு, கதவின் உள்பக்கத்துப் பூட்டுகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, தனியாகத்தான் ஊர் திரும்பினாள்.

மாமா இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். இன்றும் நம்பரை மாற்றுகிறார், இன்றும் சிதம்பரம் போகிறார். "இப்பல்லாம் மெதுவாத்தாம்மா சொல்றேன்" என்கிறார். அவர் நந்தியிடம் குனிந்ததும் கோயிலில் எல்லாரும் மரியாதைக்குக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். குருக்கள் கூட மந்திரத்தை நிறுத்திவிடுகிறார். நான் மட்டும் பொத்திக்கொள்வதில்லை. யாராவது ஒருத்தர் கேட்டு வைக்க வேண்டுமே.

படித்தவர்கள் இதை வேறு யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் மாமா பூட்டிக்கொண்டு நின்றதை மட்டும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். திறந்ததையும் சொல்லுங்கள்.