ஓலே ஹாவ்கன் ஆற்றை ஆள்?

ஹம்பேர்க்,
வைகாசி 3.

ஸ்கார்பரோவில் வசிக்கும் திருமதி புஸ்பவதி தங்கராசா அவர்களுக்கு,

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி விஜயரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகள் கவிசாவும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் இருமலும் குறைந்திருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள் என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும், திரும்ப எடுக்கும்போது அது விட்ட இடத்திலேயே நிற்கும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கவிசா கட்ட விரும்பும் எரிக் ஹாவ்கன், மின்னசோட்டாவில் பிறந்த அமெரிக்கன், இங்கே துறைமுகத்தில் எஞ்சினியர். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. தைப்பொங்கலன்று நீங்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் குறித்து வைத்திருக்கிறேன்: "தம்பி, பொடியன் நல்லவனாய் இருக்கட்டும். ஆனா பகுதி எங்க, சொந்தபந்தம் எங்க? மாப்பிள்ளை வீட்டுக் கூறைத்தட்டை ஆர் தூக்கிறது? பொம்பிளைக்குப் பக்கத்திலை மாப்பிள்ளைத் தோழியா ஆர் நிக்கிறது? ஒத்தையிலை வாற மாப்பிள்ளைக்கு நான் வந்து ஆலாத்தி எடுக்கமாட்டன்." அத்தோடு டொரொண்டோவில் எடுத்த உங்கள் கலியாணப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். அத்தானுக்குப் பின்னால் அவருடைய பகுதி பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். தோழியாக அவர் தங்கை, பட்டுச் சேலையில். "இதுதான் கலியாணம்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். கவிசாவும் உங்கள் மருமகள்தானே. அம்மா இல்லாத வீட்டில் மாமியும் வராவிட்டால் தனக்கு மண்டபமும் வேண்டாம் மணவறையும் வேண்டாம், பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டு எஸ்-பான் ரயில் பிடித்து வீட்டுக்கு வருகிறேன் என்று நிற்கிறாள். எனக்கு இருப்பது ஒரே மகள். ஆகவே பொடியனுக்கு ஒரு பகுதியைத் தேடிப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். முப்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி தேடியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். வேலைதான், அக்கா.

எரிக்கைக் கூப்பிட்டு இருத்தி, "தம்பி, நீர் எவடம்? ஆற்றை ஆள், எந்தக் குடும்பம்?" என்று கேட்டேன். பாட்டனுக்குப் பாட்டன் ஓலே என்பவர் ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் நோர்வேயிலிருந்து அமெரிக்கா போனார், அதற்கு மேல் தெரியாது என்றான். "அப்பா, எனக்குத் தாலி கட்டப்போறது எரிக். ஓலே இல்லை" என்று கவிசா குறுக்கே வந்தாள். நான் காதில் போடவில்லை. அமெரிக்காவுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இங்கே ஹம்பேர்க் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, டெர்மின், அதுதான் அப்பொயின்ட்மென்ட், எடுத்து, மிச்ச மாரி முழுவதும் அங்கேயே கிடந்தேன். பங்குனியில் அங்கிருந்த அலுவலர், தயங்கித் தயங்கி, நோர்வேக்காரர் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை, தங்கள் துறைமுகத்தில் ஏறி இங்கிலாந்து போய், அங்கேதான் கப்பல் மாறுவார்கள் என்றார். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் யாரைத் தேடுகிறேன் என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை என்றார். அது உண்மை. செய்தி வெளியாகும்வரை விஷயத்தை வெளியில் விடாத பழைய பழக்கம்.

பிறகு நோர்வேயின் தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் திறந்தேன். எழுத்தா அது? மழை நாளில் கோழி நடந்து போன முற்றம். ஆனாலும் விடவில்லை. ஒரு குடும்பத்தின் சொத்துப் பிரித்த பத்திரத்தில் டாக்ரோஸ் என்று ஒரு பெயரைக் கண்டு, மூத்த மகள் என்று எழுதிக்கொண்டு, அவளை எங்கே கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு கிழமை தேடினேன். டாக்ரோஸ் ஒரு பசுமாடு, அக்கா. நோர்வேயில் ஹாவ்கன் என்று பெயருள்ள பலருக்கும் தொலைபேசி எடுத்தேன். அதில் ஒருவர் பல் வைத்தியர்; பேசி முடிந்தபோது எனக்கு உறவு கிடைக்கவில்லை, பல்லுக்கு ஒரு டெர்மின் கிடைத்தது. கவிசா, "அப்பாக்கு விசர் முத்திப்போச்சு" என்கிறாள். எரிக்கோ ஒவ்வொரு இரவுச் சாப்பாட்டுக்கும், "மாமா, இண்டைக்கு நான் ஆர்?" என்று கேட்கிறான். தமிழ் நன்றாக வருகிறது பொடியனுக்கு.

கடைசியில் வழி காட்டியது நம்முடைய வழக்கம்தான். அந்தக் காலத்து நோர்வேக்காரனுக்கும் பின்பெயர் தகப்பன் பெயர்தான்! ஓலே லார்சன் என்றால் லார்ஸின் மகன் ஓலே. என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா ஏன் நிற்கிறார் என்று ஜெர்மன் கந்தோர்களுக்கு விளக்கி விளக்கித் தலை நரைத்த எனக்கு, இது சொந்தக்காரனைக் கண்டது போல இருந்தது. அதற்குப் பின்னால் பண்ணையின் பெயர் வரும். தகப்பன் பெயரும் ஊரும் தெரிந்தால் யாழ்ப்பாணத்தானுக்கு வேறென்ன வேண்டும்? குடிபெயர்ந்தோரின் பொலிஸ் பதிவில் "ஓலே லார்சன் ஹாவ்கன், அமெரிக்கா" என்று கண்டேன். அந்தப் பகுதித் தேவாலயத்தில், ஹாவ்கன் பண்ணையில் லார்ஸுக்குப் பிறந்த ஓலேயின் ஞானஸ்நானத்தையும் கண்டேன். பண்ணை இன்றும் இருக்கிறது. அங்கே இருக்கும் இங்க்ரிட் ஹாவ்கன் என்ற அம்மாவுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பத்து நாளில் பதில். பதினொரு பேர் வருகிறார்கள்! அவருடைய மகள் மாரிட் தோழியாக நிற்கிறாள். வீடியோ பார்த்துச் சேலை கட்டிப் பழகி, இப்போது மாட்டுக் கொட்டில்வரை தடக்காமல் நடக்கிறாளாம். நீங்கள் கேட்ட பகுதி, இரத்தத் தொடர்போடு, ஆதாரத்தோடு வருகிறது. ஆவணிக் கலியாணத்துக்கு நீங்கள் வந்து ஆலாத்தி எடுக்க இனி என்ன தடை? ஒன்றுமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் அன்பு. கந்தன் துணை உங்கள் முழங்காலுக்கும் கிடைக்கட்டும். விமானத்தில் நடுவழி ஓரத்து இருக்கை கேளுங்கள், காலை நீட்டலாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
விஜயரத்தினம்

பின்குறிப்பு: இது ஒரு திருத்தம். பத்திரிகையில் பிழை வந்தால் அடுத்த நாள் திருத்தம் போடுவோம். உங்களுக்கும் அதே மரியாதை. உறையை ஒட்டுவதற்கு முன் மனம் கேளாமல் பதிவேட்டை இன்னொருமுறை பார்த்தேன். ஹாவ்கன் பண்ணையில் பிறந்த ஓலே அமெரிக்கா போகவேயில்லை. அங்கேயே கிழவனாகி, அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். போனவர் வேறொரு ஓலே. அவருடைய தகப்பனும் ஒரு லார்ஸ்; கடலில் மூழ்கிச் செத்தவர். அநாதைப் பிள்ளையை ஊர்க்காரர் பண்ணை பண்ணையாக மாற்றி மாற்றி வளர்த்து, கடைசியில் ஹாவ்கனில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். ஒருவனுக்குப் பிறந்த ஊர்தான் சாகும்வரை ஊர் என்று நான் நம்மைப் போல நினைத்துவிட்டேன். அங்கே எந்தப் பண்ணையில் இருக்கிறானோ அந்தப் பெயர். எரிக்கின் ஓலேக்கும் பகுதி இல்லை, அக்கா.

வெட்கத்தோடு இங்க்ரிட் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம்முடைய பேச்சில் தருகிறேன்:

"தெரியும். எங்கட ஓலே கோயிலடியிலை எல்லோ கிடக்கிறார்."

"தெரிஞ்சுகொண்டோ வாறியள்?"

"நீங்கள் மூண்டு பக்கம் எழுதினீங்கள். அதிலை ரெண்டரைப் பக்கம், பொடியனுக்குத் தட்டுத் தூக்க ஆளில்லை எண்டு. அரைப் பக்கம்தான் ஓலே. எங்கட வீட்டிலை சாப்பிட்டு, எங்கட பேரோடை கப்பலேறினவன்ரை பிள்ளையை ஒத்தையிலை நிக்க விடேலுமோ? டிக்கெட் எடுத்தாச்சு. ஒண்டை மட்டும் சொல்லுங்கோ, அந்தத் தட்டு எவ்வளவு பாரம்?"

ஆகவே மேலே இரத்தத் தொடர்பு என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். பதினொரு பேர் என்பது சரி.

இனி உங்கள் கலியாணப் படம். போன வருடம் அத்தான் இங்கே வந்தபோது விவரமாகச் சொன்னார். தோழியாக நிற்பவர் அவருடைய தங்கை அல்ல; அவர் கோப்பை கழுவிய உணவகத்து முதலாளியின் மகள். பின்னால் நிற்கும் பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் அவரோடு நிலக்கீழ் வீட்டில் பாயைப் பங்குபோட்டவர்கள். மற்ற மூன்று பேர் பக்கத்து மண்டபத்துக் கலியாணத்துக்கு வந்து வழி தவறியவர்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்களாம். மிக நல்ல பகுதி. இந்தச் செய்தியை நான் இன்னும் எங்கும் வெளியிடவில்லை. உங்கள் டிக்கெட்டின் பிரதியை ஆனி மாதத்துக்குள் அனுப்பிவைக்கவும்.