போட்டோ காலம் முன்னால் வந்துவிடுகிறது

செஞ்சி கடைத்தெரு

என் தங்கை பெற்ற செல்வம் அனுஷாவுக்கு, மாமா சிங்காரவேலு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும் சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

நம் திருமணத் தகவல் மையத்துச் சுவர் டிவியில் வரன்களின் அட்டவணை தெரியும்படி செய்து கொடுத்தாயே, பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை, ஊர், கடைசியில் போட்டோ என்று, எந்தக் காலத்தையும், அதாவது எந்தப் பத்தியையும், மவுஸால் இழுத்து இடம் மாற்றலாம் என்றாயே, அங்கேதான் வந்தது வினை. முதலில் தலைப்பு மட்டும் நகர்ந்தது, கீழே இருந்தவை நகரவில்லை. அனந்தபுரத்துக்காரர் ஒருவர் 'பெயர்' என்பதன் கீழே 'கோழிப் பண்ணை' என்று படித்துவிட்டு, "இன்னாங்க, மாப்பிள்ளைக்கு இதான் பேரா?" என்று எழுந்து போய்விட்டார். லைப்ரரியில் கோளாறு என்றாய். நான் நம் ஊர் நூலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பிறகுதான் அது கம்ப்யூட்டர் லைப்ரரி என்று விளக்கி, சரிசெய்தும் கொடுத்தாய்.

இப்போது வேறு சங்கதி. நம்மிடம் பதிந்திருந்த பனமலைப் பையன் கன்னியப்பன் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் வரியை அழிக்கப் போனேன். அவன் அப்பா பொன்னுசாமி ஓடிவந்து, "இருக்கட்டும் சார். ஊட்ல அவன் பேரையே யாரும் எடுக்கறதில்ல. இங்க வந்தா மொகத்தையாவது பாப்பேன்" என்றார். அழிக்காமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் மத்தியான பஸ்ஸில் வந்து டிவிக்கு எதிரே உட்காருகிறார். அவர் உட்கார்ந்ததும், அனுஷா, கடைசியில் கிடக்கிற போட்டோ காலம் தானாகக் கிளம்புகிறது. கூட்ட பஸ்ஸில் ஆட்களை விலக்கிக்கொண்டு வருகிற மாதிரி ஊரைத் தாண்டி, வேலையைத் தாண்டி, மெதுவாக முன்னால் வந்து நிற்கிறது. மவுஸைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். அப்போதும் வந்தது. வேலைக்கு இருக்கிற ஜெயஸ்ரீயை அதட்டினால், "நான் தொடவே இல்ல சார், எனக்கே டென்ஷனா இருக்குது" என்று அழுகிறாள். இப்போதெல்லாம் அவள் டிவிக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. காலம் நகர்கிறது என்று மட்டும் உனக்குப் போனில் சொன்னேன்; பெயர்க் காலத்தை முதலிடத்தில் இறுக்கிவிட்டேன், இனி அசையாது மாமா என்றாய். மறுநாள் அதற்கும் முன்னால் வந்து நின்றது. நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பொன்னுசாமி மட்டும் சாதாரணமாக, "அவன் எப்பவுமே முன்னாடி வந்துதான் நிப்பான் சார்" என்கிறார்.

இதற்கிடையில் தன் பெண்ணுக்கு வரன் தேடுகிற மண்டகப்பட்டு ராஜம்மாள் அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "பையன் லட்சணமா கீறான், ஜாதகம் குடுங்க" என்று நச்சரிக்கிறாள். பையன் இல்லையம்மா என்றால், நல்ல வரனை வேறு யாருக்கோ ஒளித்து வைக்கிறேனாம்! அழிக்க எனக்குக் கை வரவில்லை. நீயே அங்கிருந்து அந்த வரியை எடுத்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உனக்கும் உன் கம்ப்யூட்டருக்கும் யார் கண்ணும் படாமல் இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அத்தை மனோரமா உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன் உன் மாமா,
சிங்காரவேலு

பி.கு.: மேலே கேட்டதை நீ செய்யவேண்டாம். உறையை ஒட்டப் போனபோதே பொன்னுசாமி வந்துவிட்டார். புது வேட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். "பையனுக்கு எடம் அமைஞ்சிடுச்சு சார். வந்து சொல்லிட்டுப் போனான். இனிமே பேரை எடுத்துடுங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் டிவியில் அந்த வரியே இல்லை. நானும் தொடவில்லை, ஜெயஸ்ரீயும் தொடவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, தொழில் பழக்கத்தில், "பொண்ணுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊரு தெரியல சார்," என்றார். "அந்தப் பொண்ணும் ஆக்சிடென்ட்தானாம்."