எதிரே வராத நீல வண்டி

நீல வண்டியைக் காணோம்.

லவோன் குசேரா பிரேக்கை மெல்ல அழுத்தினாள். வீட்டிலிருந்து டவுனுக்கு நாற்பது மைல். நடுவில் இந்தக் குளத்தங்கரை வளைவில்தான் தினமும் காலையில் அந்த நீல பிக்கப் எதிரே வரும். ஓட்டுகிற வெள்ளைத் தொப்பிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே இரண்டு விரலைத் தூக்குவார். இவள் ஒரு விரலைத் தூக்குவாள். ஒன்பது வருஷமாக இருவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

வளைவு தாண்டியது. அடுத்த மேடும் தாண்டியது. சாலையில் ஈ காக்கை இல்லை.

ஓரமாக நிறுத்தி இறங்கினாள். நாலு பக்கமும் புல் மூடிய மணல்மேடுகள், அலையலையாக, வானம் தொடும் வரைக்கும். குளத்திலிருந்து நாரைகள் கிளம்பின. முதலில் பத்து இருபது. பிறகு குளமே எழுந்து பறப்பதுபோல ஆயிரக்கணக்கில். அந்தச் சத்தம் நெஞ்செலும்பில் வந்து மோதியது. மார்ச் மாதம் பிறந்தால் வருஷா வருஷம் வருகிற பறவைகள்தான். ஆனாலும் வாயைத் திறந்தபடி நின்றாள். இத்தனை பெரிய இடத்தில் ஒரு மனுஷன் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று அப்போதுதான் தோன்றியது.

முதியோர் இல்லச் சமையலறையில் அவளுக்கு வேலை. இன்னொரு முறை தாமதமானால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் கோனி போன வாரம்தான் சொல்லியிருந்தாள். லவோன் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாலையை விட்டு இறங்கி, மேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆர்லிஸின் கடைக்கு வண்டியைத் திருப்பினாள். அங்கேதான் போன் உண்டு.

"ஆர்லிஸ், ஒரு ஆளைக் காணோம்."

"யாரை?"

"பேர் தெரியாது."

"வீடு எங்க?"

"அதுவும் தெரியாது."

ஆர்லிஸ் காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அப்ப அவரைப் பத்தி உனக்கு என்னதான் தெரியும்?"

"ரெண்டு விரல் தூக்குவாரு."

ஆர்லிஸின் கை நின்றது. "எந்த ரெண்டு?"

லவோன் காட்டினாள்.

"டெல்மர் நோவோட்னி. கட்டை விரலும் சேர்ந்து வந்தா அது அவர் தம்பி." ஆர்லிஸ் அதற்குள் போனைச் சுழற்றிவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்கலையே. தனி ஆளு வேற. இரு, ரஸ்ஸைக் கூப்பிடுறேன்."

"அய்யோ, தீயணைப்பு ஆளுங்க எதுக்கு? நாம ரெண்டு பேரும் போய் எட்டிப் பார்த்துட்டு வந்தா போதாதா?"

"ஒன்பது வருஷமா தவறாத மனுஷன் இன்னைக்கு வரலைன்னா அது எட்டிப் பார்க்கிற விஷயமா?"

ரஸ் தீயணைப்பு வண்டியோடு வந்தான். தன்னார்வப் படை என்பதால் கூடவே வந்தவர்கள் பண்ணை பூட்ஸோடு, ஒருவன் பல் தேய்த்த நுரையோடு. சாலை சமன் செய்கிற இயந்திரக்காரன் விஷயத்தைக் கேட்டு இயந்திரத்தையும் திருப்பிக்கொண்டு வந்தான். அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பள்ளிப் பேருந்தும், முந்த வழியில்லாமல், கூடவே வந்துவிட்டது.

லவோன் இல்லத்துக்குப் போன் போட்டாள்.

"கோனி மேடம், இன்னைக்கு நான் வர்றதுக்கு..."

"கஞ்சி அடுப்புல கூட ஏத்தலை லவோன். இங்க எல்லாரும் ஸ்பூனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"டெல்மர் நோவோட்னியைக் காணோம் மேடம். நான்தான் முதல்ல கவனிச்சேன்."

"அங்கயே இரு," என்று சொல்லிக் கோனி போனை வைத்துவிட்டாள்.

வேலை போயிற்று என்று லவோன் முடிவு செய்துகொண்டாள்.

கடைக்குப் பின்னாலிருந்து டெல்மரின் பண்ணைக்கு ஒரு மண்பாதை போகிறது. அதில் எல்லோரும் கிளம்பினார்கள். கடைசி மேட்டின் உச்சியில் லவோன் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பார்த்தவள் வண்டியை நிறுத்திவிட்டாள். மேட்டுக்கு மேடு வண்டிகள். டிராக்டர்கள், பிக்கப்புகள், தபால் வண்டி, குதிரை மேல் இரண்டு பேர். எழும்பிய புழுதியில் வெயில் பட்டு வானத்தின் பாதி பொன்னிறமாக இருந்தது. மைல் கணக்கில் ஒரு கூரையைக் கூடப் பார்க்க முடியாத இந்த ஊரில் இத்தனை பேர் எங்கே இருந்தார்கள்? புல்லுக்குள்ளிருந்து முளைத்து வந்த மாதிரி இருந்தது.

கூட்டத்தின் வாலில் முதியோர் இல்லத்து வேனும் வந்தது. கோனி ஓட்டினாள். உள்ளே பதினோரு முதியவர்கள் கையில் ஆளுக்கொரு ரொட்டித் துண்டோடு.

"டெல்மரோட அம்மா கடைசிக் காலத்துல எங்ககிட்டதான் இருந்தாங்க," என்றாள் கோனி இறங்கியதும். "விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தர் கூட இல்லத்துல இருக்க மாட்டேன்னுட்டாங்க."

டெல்மரின் வீடு திறந்தே கிடந்தது. ஆள் இல்லை. நீல வண்டியும் இல்லை. அடுப்பில் காபிப் பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. கதவு ஆணியில் ஒரு மேல்சட்டை தொங்கியது. அதன் கை முழங்கை வரை ரத்தம்.

ரஸ் தொப்பியைக் கழற்றினான். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். பேசியே பழகாத ஒரு மனுஷனுக்காக இப்படி அழுகை வரும் என்று லவோன் நினைத்ததில்லை.

"பெரியவரே, ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க," என்று தொழுவத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "இங்க வந்து பாருங்க."

வைக்கோலில் ஒரு பசு, ஈரம் காயாத கன்றை நக்கிக்கொண்டிருந்தது. கன்று எழுந்து நிற்கப் பார்த்து, விழுந்து, மறுபடி எழுந்தது. அத்தனை பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பேருந்துப் பிள்ளைகள் கூடச் சத்தம் போடவில்லை. நாலாவது தடவை அது நின்றுவிட்டது.

"அதான் சமாச்சாரம்," என்றான் ரஸ். "பிரசவம் பார்த்திருக்காரு. லேட்டாயிடுச்சு. வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பாரு."

கூட்டம் மெதுவாக லவோன் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் லேட்டானதுக்கா இவ்வளவும்?" என்றாள் ஆர்லிஸ்.

"நான் எட்டிப் பார்த்தா போதும்னுதானே சொன்னேன்," என்றாள் லவோன். குரலே எழும்பவில்லை. "மேடம், நான் நாளையிலேருந்து வர வேண்டாம்னா..."

கோனி பதில் சொல்லுமுன் தீயணைப்பு வண்டி வயர்லெஸ் கரகரத்தது. ஷெரீப் அலுவலகத்துப் பெண்ணின் குரல்.

"ரஸ், டெல்மரைத் தேடுறதை விடுங்க, அவரு கிழக்கே ஒரு வீட்டு வாசல்ல அம்பது பேரோட நிக்கிறாரு. தினமும் எதிர்ல வர்ற அம்மா இன்னைக்கு வரலையாம், இப்பதான் கதவை உடைச்சு உள்ள போயிருக்காங்க. இருக்கிற ஆளுங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு உடனே வாங்க, லவோன் குசேராவை இன்னும் காணோம்."