மானியத்துல வாங்கின மிஷின்

அன்னைக்கி எனக்கு இருந்தது ஒரே வேலைதானுங்க. வேளாண்மை ஆபீசுக்குப் போயி, மானியத்துல குடுக்கற மருந்தடிக்கிற மிஷினை வாங்கிட்டு வரோணும்.

எங்க காட்டுல மக்காச்சோளம் முழங்கால் ஒசரம் நின்னுச்சு. குருத்துல பூரா படைப்புழு. பழைய மிஷின் ஒழுகி, பயிரை விட என்ற முதுகுக்குத்தான் அதிகமா மருந்தடிச்சுது.

எழுதிக் குடுத்து ரொம்ப நாளாச்சு. அன்னைக்குத்தான் ஆபீசுல இருந்து போன் வந்துச்சு. "வந்து வாங்கிக்குங்கண்ணா. கொஞ்சம் நல்ல சட்டையாப் போட்டுட்டு வாங்க."

மிஷின் வாங்க எதுக்கு நல்ல சட்டைன்னு இந்த மண்டைக்குத் தோணவே இல்லைங்க. நம்மளை மதிக்கறாங்கன்னு நெனச்சு, விசேசத்துக்குக் கட்டற வேட்டியை எடுத்துக் கட்டிட்டுப் போனேன்.

அங்க போனா சாமியானா, மைக்கு, மேடை. மேடையில ஒரு பெரிய மனுசர். என் பேரைக் கூப்பிட்டாங்க. போயி மிஷினைக் கையில வாங்கினேன்.

"இங்க பாருங்க, சிரிங்க"ன்னாரு போட்டோக்காரர். நல்லாவே சிரிச்சேன்.

கீழ எறங்கறதுக்குள்ள ஆபீஸ் தம்பி ஒருத்தர் மிஷினை என் கையில இருந்து வாங்கிட்டாரு. வண்டி வரைக்கும் தூக்கிட்டு வாராரு போலன்னு, "சிரமம் வேண்டாந் தம்பி, வண்டி வேப்பமரத்தடியிலதான் நிக்குது"ன்னேன்.

அவரு மேடைக்குப் பின்னால சுத்திப் போயி, அடுத்த ஆளுக்குக் குடுக்கக் கொண்டுபோய் வெச்சாரு.

"ஏனுங்க, அது என்றதுங்க."

"எல்லாத்துக்கும் அதுதானுங்கண்ணா. இப்போதைக்கு ஒண்ணுதான் வந்திருக்குது. மிச்சம் வந்ததும் போன் பண்றேன்."

"அது வரைக்கும் புழுவை என்னங்க பண்றது?"

"புழுவைப் பத்தி நோட்டீஸ் குடுத்தமே, படிச்சுப் பாருங்க."

ஊட்டுக்கு வந்ததும் சம்சாரம் கேட்டா. "மிஷின் எங்கீங்க?"

"வாங்கிட்டேன். ஆனா இல்ல."

அவ என்னையும் வேட்டியையும் பாத்துட்டு உள்ள போயிட்டா.

அடுத்த நாள் காலையில பக்கத்துக் காட்டுச் சின்னச்சாமி அண்ணன்கிட்ட மிஷின் எரவல் கேட்டுப் போனேன். அவரு செல்லை எடுத்து நீட்டினாரு. ஊர் வாட்ஸப் குரூப்புல என்ற போட்டோ. மிஷினைக் கட்டிப் புடிச்சுட்டுச் சிரிக்கறேன்.

"புதுசை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, என்ற பழசைக் கேக்கறயா தம்பி?"

நடந்ததைச் சொன்னேன்.

"போட்டோவுல இருக்குது. நீ இல்லைங்கறே. செரி, போ."

ஊருக்குள்ள வேற யாரும் குடுக்கலீங்க. அதுக்கு மேல, என்கிட்டயே எரவல் கேட்டு ஆளுக வர ஆரம்பிச்சாங்க. இல்லைன்னு சொல்லச் சொல்ல, "மானியம் வாங்கினதும் ஆளே மாறிட்டான்"னு பேச்சாயிருச்சு. டீக்கடையில நான் போயி உக்காந்தா பெஞ்சு காலியாகுது.

புழு மட்டும் எந்தப் பேச்சும் இல்லாம குருத்தைத் தின்னுட்டே இருந்துச்சு.

சம்சாரந்தான் முடிவாச் சொன்னா. "புழுவுகிட்டப் போட்டோவைக் காட்ட முடியாதுங்க. காசு போட்டு ஒண்ணை வாங்கிட்டு வந்துருங்க."

சேலத்துக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் எடுத்து வெச்சது அச்சு அசல் அதே மாதிரி மிஷின், அதே கலரு. வாங்கிட்டு வந்து மருந்தடிச்சேன். பாதிச் சோளம் தப்புச்சு. பஸ்ஸை விட்டு மிஷினோட எறங்கினதை ஊரே பாத்துச்சு. அப்படியும், ஒளிச்சு வெச்சதை இப்பத்தான் வெளிய எடுக்கறான்னு சொல்லிக்கிட்டாங்க.

அடுத்த வாரம் சின்னச்சாமி அண்ணனே வந்தாரு. "என்ற மிஷின் மக்கர் பண்ணுது. இப்பவாவது மனசு வந்துச்சா உனக்கு?"

பகை எதுக்குன்னு குடுத்தேன். பொழுதெறங்கத் திருப்பிக் கொண்டாந்தாரு. கைப்பிடி ஒடஞ்சு தொங்குது.

"கவர்மெண்டு சாமான்னா இப்படித்தான் தம்பி. இதே நீ காசு போட்டுக் கடையில வாங்கியிருந்தா, ஒடஞ்சிருக்குமா?"