அரிசி டிரம்மில் இருந்த கதை

பொத்தென்று ஒரு சத்தம். அரிசிக்குள் புத்தகம் விழுகிற சத்தம். கல்யாணமான புதிதில் மாலைதோறும் கேட்டது. வாசலில் அவருடைய பைக் வந்து நிற்பதற்குள் என் கை டிரம்மைத் திறந்துவிடும். கதை படிக்கிற பெண் குழம்பை அடிபிடிக்க விடுவாள் என்பது என் கணவர் அந்தோணிசாமியின் கட்சி. நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள். குழம்பு அடிபிடித்ததும் உண்மைதான்.

சிப்காட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அறிவாளி ஆகிற ஆசை வந்தது. சிதம்பரத்தில் அவருடைய நண்பர் சடையப்பன் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். ஒரே ஓர் இடம் காலி. சேர வருகிறவர் தனக்குப் பிடித்த மூன்று புத்தகங்களைச் சிபாரிசு செய்து பேச வேண்டும்: மாயக்கதை ஒன்று, பழைய பெரிய நாவல் ஒன்று, தன்வரலாறு ஒன்று.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நான் சேரட்டுங்களா?"

"ஒனக்கு எதுக்கு? கடலூர்லேருந்து பஸ்ல இடிபட்டுக்கினு. நான் போறேன்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"தெனம் பேப்பர் படிக்கல?"

"அதுல மாயக்கதை இருக்கா?"

"தேர்தல் அறிக்கை வருதே. ஜாஸ்தி பேசாத."

மறுநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீரைப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

"சும்மா கேக்குறேன். நீ படிச்சதுல நல்லதா மூணு கதை சொல்லேன்."

சொன்னேன். கிணற்றுக்குள் நகரம் கட்டிய ராஜா கதை ஒன்று. கப்பலேறிப் போன மகனுக்குக் காத்திருந்த தாயின் கதை ஒன்று. மூன்றாவதாக, மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருத்தி, புருஷனுக்குப் பயந்து அரிசி டிரம்மில் புத்தகத்தை ஒளித்துப் படித்து வயதாகிப்போன கதை.

"அடப் பாவமே," என்றார்.

ஞாயிறன்று சடையப்பனின் மனைவி புஷ்பவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து என் கணவர் பேச்சைக் கேட்டேன். ராஜாவைக் கப்பலில் ஏற்றினார். தாயைக் கிணற்றில் இறக்கினார். ஆனால் மூன்றாவது கதைக்கு வந்ததும் குரல் தழுதழுத்தது.

"படிச்ச பொண்ணுங்க. அவள அரிசிக்குள்ள கைவிட்டுத் தேட வச்சான் பாருங்க, அவன் மனுசனா? இந்த மாதிரி வட்டத்துக்கெல்லாம் அவள அனுப்பியிருக்க வேணாமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். சடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத நான் உடனே படிக்கணும் மச்சான். யாரு எழுதுனது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "ஜான்சி, பேரு வாயில நிக்குது, வரமாட்டேங்குது."

"அது இன்னும் எழுதலைங்க," என்றேன்.

"எழுதாதத இவரு எப்படிம்மா படிச்சாரு?"

"படிக்கலைங்கண்ணா. அதுல வர்றாரு."

புஷ்பவள்ளிதான் முதலில் சிரித்தாள். அவர் என் காதருகே குனிந்து, "நம்ம வூட்டு டிரம்மா?" என்றார். தலையாட்டினேன். பிறகு காலியாக இருந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

வட்டத்தில் இப்போது நான் உறுப்பினர். அவர் மாதாமாதம் கூடவே வந்து டீ போடுகிறார்.