காகம் வராத அரை மணித்தியாலம்

ஒரு வீராங்கனை எப்போது சாப்பிட வேண்டும், எவ்வளவு தூங்க வேண்டும் என்பதை எல்லாம் விஞ்ஞானம் முடிவு செய்துவிட்டது என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அதைக் காகம்தான் முடிவு செய்யும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிளிநொச்சியில் எழுவர் றக்பிப் போட்டி. காலையில் அரையிறுதி, பின்னேரம் இறுதி. தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இறுதியாட்டத்துக்கு வருகிறார்கள். அந்த அணியில் என் பெயர் வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை. ஆட்டம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் சோறும் முட்டையும், பிறகு இருட்டறையில் சின்னத் தூக்கம், அப்போதுதான் தசை தேறும் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். மைதானத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. எல்லாம் என் பொறுப்பு என்றேன். (அப்போது நான் பாதி வைத்தியர், மீதி மந்திரி.)

வென்று, சேறும் சிராய்ப்புமாக அணியோடு வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணி மணக்கிறது. அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலைப் படையல். நான் அவர் இறந்த திகதியை நினைவில் வைத்திருந்தேன்; அம்மா திதி பார்த்திருந்தார். திவசம் அன்றைக்கு விழுந்துவிட்டது. ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாராம். நான் அவருக்குத் தூக்கத்தின் பயன்களை விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. மரக்கறிச் சாப்பாடும் காகம் தொட்ட பிறகுதான். வேலியோரம் இலையில் சோறு வைத்து அம்மா கூப்பிட்டார். காகம் இல்லை. சிவப்புச் சட்டை போட்ட எங்கள் அணிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கா கா என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு எந்தப் பறவையும் மாவட்டம் மாறியிருக்கும். உள்ளே போய்ப் படுக்கச் சொன்னேன். ஒருத்தியின் வயிறு இரைய, மற்றவர்கள் சிரிக்க, ஒருவரும் தூங்கவில்லை. அரை மணித்தியாலம் எப்போதோ போய்விட்டது.

"அம்மா, காகம் வரேல்லையெண்டா நாங்கள் தோத்திடுவம்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அம்மா இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அப்பா பின்னேரத்திலை எங்கை நிக்கிறவர்?"

"கிரவுண்டிலை."

"அப்ப ஏன் அவரை இஞ்சை நிண்டு கூப்பிடுறம்?"

நான் பயிற்சி செய்யும் நாளெல்லாம் கோல் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிளோடு நிற்பவர் அப்பா. அவர் போன பிறகு அம்மா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அன்று இலையைத் தானே ஏந்திக்கொண்டு நடந்தார். நாங்கள் சட்டிகளோடு பின்னால் போனோம். கம்பத்தடியில் இலையை வைத்ததும் ஒரு காகம் வந்து சோற்றைக் கொத்தியது. (மைதானத்தில் சோற்றுப் பார்சலுக்குக் காத்திருக்கும் காகங்கள் ஏராளம். அது தெரிந்தும் அழுதேன்.)

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆளுக்கொரு வாழைப்பழம் போதும் என்று பயிற்றுநர் கெஞ்சினார். திவசச் சாப்பாட்டை அம்மா பரிமாறும்போது யார் போதும் என்பது? பாயாசத்தை நானே இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

முதல் மோதலிலேயே அந்தப் பாயாசம் தேர்வாளர்களின் கண்முன்னே வெளியே வந்தது. மற்றவர்கள் கலியாண வீட்டுப் பந்தியிலிருந்து எழும்பியவர்கள் போல ஓடினார்கள். இடைவேளையில் ஒருத்தி தூங்கியே விட்டாள். படுதோல்வி. தேசிய அணியில் என் பெயர் வரவில்லை. பல நாள் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன்.

அம்மா ஒரே ஒரு தரம்தான் ஆறுதல் சொன்னார்: "தோத்தா என்ன, அவர் சாப்பிட்டவர்தானே."

அந்த வசனம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. தம்பி சோதினையில் கோட்டை விட்டாலும் சரி, கிரிக்கெட்டில் நாடு தோற்றாலும் சரி, அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.